பொருத்தமானி அனுப்பிய ஆலோசகர்கள்

"நம்மளையா?" என்று இளவெயினி கேட்ட வேகத்தில் தோசைக்கரண்டி கைநழுவிக் கீழே விழுந்தது.

காதிலிருந்த செவிமணி நிதானமாகத் திரும்பச் சொன்னது. "ஆம். ஒரு தம்பதிக்குத் திருமண ஆலோசகர்களாக உங்கள் இருவரையும் பொருத்தமானி தேர்ந்தெடுத்திருக்கிறது. இன்று பதினொரு மணி, மதுரை மனமன்றம், முப்பதாவது தளம். உங்கள் சொந்த ஆலோசனைக்கான வரிசை எண் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு. அதில் மாற்றமில்லை."

பிரணவ் வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்தான். அவன் காதிலும் அதே செய்தி. மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்த இருவரும் இன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏங்க, நாமளே பிரியறதா இருக்கறோம். நாம போயி யாருக்கு என்னத்தைச் சொல்றது?"

"பொருத்தமானி தப்புப் பண்ணாது வெயினி. நம்மகிட்ட என்னமோ இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு!"

அவன் கண்கள் பளபளத்தன. அவளுக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

முன்பெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பொருத்தம் பார்த்தார்கள். இப்போது கல்யாணத்துக்குப் பின்னால், தம்பதிக்கும் ஆலோசகருக்கும் பார்க்கிறார்கள். ஒத்துப்போகாத ஆலோசகரிடம் போனால் புண் ஆறுவதற்குப் பதில் பெரிதாகிறது என்று பல குடும்பங்கள் கண்ட பிறகு வந்த இயந்திரம்தான் பொருத்தமானி. சம்மதித்த வீடுகளில் செவிமணிகள் பேச்சைக் கேட்கும். யார் குறுக்கிடுகிறார், எத்தனை நொடி மௌனம், எந்தச் சொல்லில் குரல் உடைகிறது என்று அளந்து அனுப்பும். அந்தக் கணக்கை வைத்து, எட்டுக் கோடிப் பேரில் உங்களுக்கென்று ஒருவரைப் பொருத்தமானி கண்டுபிடித்துத் தரும். காத்திருக்கத்தான் எட்டு மாதம்.

இவர்களுக்கு எட்டு மாதம் இல்லை. இன்னும் இரண்டு மாதத்தில் நிலவின் பனிச்சுரங்கத்துக்குப் பிரணவ் கிளம்புகிறான், இரண்டு வருட வேலைக்கு. அவன் போவதில் இளவெயினிக்குச் சண்டை இல்லை. அந்தச் சேதி அவளுக்கு எங்கே தெரிந்தது என்பதில்தான் சண்டை. பொள்ளாச்சியில் ஒரு காதுகுத்து விருந்தில், சாம்பார் சாதத்தில் கை இருக்கும்போது, அவனுடைய அக்கா சொல்லித் தெரிந்தது. "அட, உனக்குத் தெரியாதா?" என்று பந்தியே திரும்பிப் பார்த்தது. அவன் வேலை மாறியதும் அப்படித்தான். போன வருடம் காய்ச்சலில் விழுந்ததும் அப்படித்தான். எல்லாம் அக்காவுக்கு முதலில்.

பிரிந்து வாழ்வதற்கான தனிவாழ்வு விண்ணப்பத்தை அவள் நிரப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என்னைக் கேள், சரி என்றால் மட்டும் அனுப்பு என்று செவிமணியிடம் சொல்லியும் வைத்திருந்தாள். அந்த வெள்ளி இன்றுதான்.

ஆனாலும் ஆலோசகர் என்றால் சும்மாவா? அவள் பட்டுப் புடவையை எடுத்தாள். "வெறுங்கையோட போறதா?" என்று தேன்குழலை டப்பாவில் அடைத்தாள். கோவையிலிருந்து மதுரைக்குப் பாய்குழலில் பதினெட்டு நிமிடம். அதற்குள் ஒத்திகை பார்த்தார்கள். விதி ஒன்றே ஒன்று: தங்கள் சண்டை எப்படித் தீர்ந்தது என்று சொந்த அனுபவம் ஒன்றை ஆலோசகர்கள் சொல்ல வேண்டும்.

"தீர்ந்தாத்தானுங்க சொல்றதுக்கு!"

"ஒண்ணு உண்டாக்கிக்கலாம். நீ தலையை மட்டும் ஆட்டு."

கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் ஒரு தம்பதி காத்திருந்தார்கள். தூத்துக்குடிக்காரர்கள். கணவன் ஜெபஸ்டின், மனைவி ரோஸ்லின். அவர்கள் மேசையில் மக்ரூன் பெட்டி ஒன்று இருந்தது.

"வாங்க, உக்காருங்க. கூச்சப்படாதிய," என்றாள் ரோஸ்லின்.

'நாம சொல்ல வேண்டியதை இவங்க சொல்றாங்களே' என்று இளவெயினி நினைத்துக்கொண்டாள். பாவம், பதற்றம் போலிருக்கிறது.

பிரணவ் தொண்டையைச் செருமினான். "எங்க வீட்டுல ஒரு வழக்கம். காலையில மொதல் டம்ளர் காப்பியக் குடிக்கறதுக்கு முன்னாடி, உலகத்துல வேற யாருக்கும் சொல்லாத ஒரு விஷயத்தை இவகிட்டச் சொல்லிருவேன். சொன்னாத்தான் காப்பி."

இளவெயினி தலையாட்டினாள். இவனுக்கு இவ்வளவு கற்பனையா என்று வியப்பாக இருந்தது.

"நல்லாருக்கே!" ரோஸ்லின் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். "இன்னைக்குக் காலையில என்ன சொன்னிய?"

அதற்கு ஒத்திகை இல்லை. கண்ணாடிக்கு வெளியே பகல் நிலா வெளிறிப்போய்த் தெரிந்தது. பிரணவ் அதைப் பார்த்தான்.

"எனக்கு அங்க போகப் பயமா இருக்குன்னு சொன்னேன்," என்றான் கடைசியில். "போறேன்னு அக்காகிட்டச் சொல்ல முடிஞ்சது. கேட்டவங்க எல்லாம் பெருமைப்பட்டாங்க. இவகிட்ட வந்தா பயத்தையும் சொல்லிருவேனோன்னு... இவ மூஞ்சியப் பார்த்துட்டு என்னால மறைக்க முடியாது. அதனாலதான் இவகிட்டச் சொல்றதத் தள்ளித் தள்ளிப் போட்டேன்."

ரோஸ்லின் கைக்குட்டையை எடுத்தாள்.

"சொன்னாரு," என்றாள் இளவெயினி. ஆலோசகர் அழக்கூடாது. "காலையில... சொன்னாரு." தேன்குழல் டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

ரோஸ்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாங்க எப்பிடின்னு சொல்லுதேன்," என்று ஆரம்பித்தாள். "சண்டை வந்தா ரெண்டு பேரும் படகுல ஏறிருவோம். கரை கண்ணுக்கு மறைஞ்சப்புறம்தான் பேச்சு. அங்க இவுக அண்ணன் இல்ல, எங்கம்மா இல்ல. பேசி முடிச்சாத்தான் திரும்பி வருவோம். என்னங்க?"

ஜெபஸ்டின் திடுக்கிட்டு, "ஆமா ஆமா, படகு," என்றான்.

ஆலோசனை கேட்க வந்தவர்கள் எதற்கு ஆலோசனை சொல்கிறார்கள் என்று பிரணவுக்குப் புரியவில்லை. ஆனாலும் நல்ல யோசனையாகத்தான் இருந்தது. தலையாட்டினான்.

பலகாரப் பெட்டிகளை மாற்றிக்கொண்டு நால்வரும் ஒரே மின்தூக்கியில் இறங்கும்போது, நான்கு செவிமணிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தன.

"உங்கள் ஆலோசனை நிறைவடைந்தது. வரிசையிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படுகிறது. ஒரே சண்டை உள்ள இரு தம்பதிகளையே பொருத்தமானி சேர்த்துவைக்கிறது. ஆலோசனை சொல்லத்தான் வந்தோம் என்று நம்புகிறவர்தான் அதிகம் பேசுகிறார், அதிகம் கேட்கிறார். வேறு ஆலோசகர்கள் கிடையாது."

இருபதாவது தளம்வரை நால்வரும் மாறி மாறி முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அந்தக் காப்பி?" என்றாள் ரோஸ்லின்.

"அந்தப் படகு?" என்றான் பிரணவ்.

"எங்கிட்டப் படகே இல்ல சார்," ஜெபஸ்டின் தலையைச் சொறிந்தபடி சிரித்தான். "அண்ணன்கிட்ட மட்டும் கேட்டுட்டுப் போன மாசம் வித்துட்டேன். சண்டையே அதுக்குத்தான்."

"வெக்கமில்லாம சிரிக்காதிய!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்த ரோஸ்லினே முதலில் சிரித்துவிட்டாள். பிறகு சட்டென்று இளவெயினியின் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்குப் பயம்னு சொன்னாகளே... அதுவும் கதைதானா?"

"அது நெசம்." இளவெயினி ஓரக்கண்ணால் கணவனைப் பார்த்தாள். "ஆனா பாருங்க, அதையும் மூணாம் மனுசங்களோட உக்காந்துதான் நான் கேட்கோணும்னு இருக்குது!"

பிரணவின் காது சிவந்தது. மின்தூக்கி முழுக்கச் சிரிப்பு.

நால்வரும் சேர்ந்து சாப்பிட்டு, பேசித் தீர்த்து, அவர்களை வழியனுப்பிவிட்டு நிலையத்தில் பாய்குழலுக்காக நின்றபோது மணி ஐந்தாகப் போனது. பிரணவ் இரண்டு காப்பி வாங்கி வந்தான். தன்னுடையதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு காதிலிருந்து செவிமணியைக் கழற்றி நீட்டினான்.

"ஒண்ணு சொல்றேன். அக்காவுக்குத் தெரியாது. பொருத்தமானிக்கும் தெரிய வேண்டாம்."

இளவெயினி தன்னுடையதையும் கழற்றினாள். இரண்டையும் கைப்பைக்குள் போட்டு, தேன்குழல் போன இடத்தில் வந்திருந்த மக்ரூன் பெட்டியை மேலே வைத்து அழுத்தி மூடினாள்.

அவன் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். "அட, போங்க!" என்று அவள் கத்தியதில் காப்பி தளும்பிப் பட்டுப் புடவையில் சிந்தியது. அவள் அதைத் துடைக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

கைப்பையின் அடியில் ஒரு செவிமணி சரியாக ஐந்து மணிக்குக் கேட்டது: "தனிவாழ்வு விண்ணப்பத்தை அனுப்பலாமா?"

பதில் வராததால் மறுபடியும் கேட்டது. எட்டுக் கோடிப் பேர் வீட்டு மௌனத்தை அளந்த இயந்திரத்துக்கு மக்ரூன் பெட்டியின் மௌனம் மட்டும் புரியவில்லை.