பா தெரிங்கில் இறங்கிய விமானம்

பாலாங் செத்துப்போயிருந்தார். அவர் ஓட்டிய விமானம் மட்டும் பத்திரமாகத் தரையிறங்கி நின்றிருந்தது.

வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. கடலோர மிரி நகரின் விளிம்பில் ஒரு வரிசை வீடு, அதன் முன்னறை. மூன்று திரைகள் வைத்த கம்ப்யூட்டர் மேசை. பழைய கார் சீட்டை வெட்டி ஒட்டிச் செய்த விமானி இருக்கை. அதில் ஹெட்போன் மாட்டியபடி, தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தார் பாலாங். திரையில் மலைநாட்டுப் பச்சை. நடுவே பா தெரிங் கிராமத்தின் குட்டை ஓடுபாதை. அதன் மேல்முனையில், ஊரார் எல்லாரும் சேர்ந்து வாழும் நீள்வீட்டைப் பார்த்தபடி ஒற்றை எஞ்சின் குட்டி விமானம் ஒன்று நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது. பிரேக் போட்டிருந்தது.

பார்த்தவன் மகன் ஜெராவட். வேலை முடிந்து வந்தவன், அப்பாவின் கையைத் தொட்டான். சில்லென்றிருந்தது.

டாக்டர் வந்தார். "ரெண்டரை மணிக்கே போயிட்டாருப்பா. இதயம். ஒரு நொடியில முடிஞ்சிருக்கும். பக்கத்துல யாரு இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

ஜெராவட் சரியென்று தலையாட்டினான். பிறகு திரையைப் பார்த்தான். ஓரத்தில் ஓர் எழுத்து வரி இருந்தது: தரையிறங்கிய நேரம், மூன்று பதினைந்து.

ரெண்டரைக்குச் செத்தவர் மூணேகாலுக்கு எப்படி விமானத்தை இறக்குவார்?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஜெராவட்டுக்கு ஆத்திரம் வந்த வேகத்தில் ஒரு பெயரும் சேர்ந்து வந்தது. போலீசுக்குப் போன் போட்டான். "எங்கப்பா உயிர் போகும்போது ஒருத்தன் கூடவே இருந்திருக்கான். டாக்டரைக் கூப்பிடாம, யாருக்கும் சொல்லாம, விளையாட்டை முடிச்சிட்டு எழுந்து போயிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரியும்."

வந்தது சார்ஜென்ட் மஸ்னா. குள்ளமான, நிதானமான மனுஷி. எப்போதும் வாயில் ஒரு காய்ந்த புளிப்புப் பிளம் பழம் ஊறிக்கொண்டிருக்கும். அது கரைந்து முடிவதற்குள் வழக்கும் முடிந்துவிடும் என்று ஸ்டேஷனில் கேலி பேசுவார்கள். அவள் போட்ட முதல் உத்தரவு: "மெஷினை யாரும் அணைக்கக் கூடாது."

உடலை எடுத்துப் போனார்கள். மஸ்னா அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவில் சேதமில்லை. எதுவும் களவு போகவில்லை. ஆனால் விமானம் ஓட்டும் கைப்பிடி, ஜாய்ஸ்டிக், பாலாங்கின் முன்னால் இல்லை. மேசையின் வலது கோடிக்கு நகர்ந்திருந்தது. அதற்கு நேராக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்.

"உங்கப்பா கை அதுவரைக்கும் எட்டுமா?"

"எட்டாது. அதைத்தான் நானும் சொல்றேன். ஒருத்தன் பக்கத்துல உக்காந்திருக்கான்."

"நீ வந்தப்போ வீட்டுல யாரு?"

"அம்மா மட்டும். அடுப்படியில அரிசி வச்சிட்டிருந்தாங்க. அப்பா எங்கேன்னேன். எறங்கிட்டாரு, போய்ப் பாருன்னாங்க. வந்து பாத்தா இப்படி."

"யாரு மேல சந்தேகம்?"

"வேற யாரு? அப்பாவோட கூட்டாளி, லாவ் அங்கிள்தான். மத்தியானம் சாப்பாடு கொண்டாந்தது அவரு. இந்த ஓட்டுற வித்தை தெரிஞ்சவரும் அவரு ஒருத்தருதான்."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

ஜெராவட் அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டான். "டிவி ரிமோட்டையே தலைகீழாப் பிடிக்கிற ஆளு அவங்க, சார்ஜென்ட். இந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. இதைக் கட்டிக்கிட்டே அழுங்கன்னு அப்பாவைத் திட்டுவாங்க."

அந்த மெஷின் ஏன் அங்கே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலாங்குக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்ப் பதினோரு வருஷம். செவ்வாய், வியாழன், சனி காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். மலைமேலே பா தெரிங்கில் அதற்கு வசதி இல்லை. ஒருமுறை போய்விட்டு வரலாம் என்றால் மழை, மேகம், விமானம் ரத்து. நாலஞ்சு நாள் அங்கே மாட்டினால் உயிர் தங்காது. டாக்டர் போகக் கூடாது என்றார். பாலாங்கும் போகவில்லை. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த மனிதர், கம்ப்யூட்டருக்குள் தன் ஊரை ஒவ்வொரு மரமாக நட்டுக் கட்டினார். தேவாலயம், பள்ளிக்கூடம், அன்னாசித் தோட்டம், நீள்வீட்டின் தகரக் கூரை. பிறகு தினமும் மதியம் இரண்டு மணிக்கு மிரியிலிருந்து கிளம்பி ஊருக்குப் பறந்தார். ஊர் ஏக்கம் பொல்லாத வியாதி. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது.

மஸ்னா அடுப்படிக்குப் போனாள். பாலாங்கின் மனைவி சுபாங் ஒரு காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அதைக் குடிக்கும் எண்ணம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"ஆன்ட்டி, மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"பின்னறையில படுத்திருந்தேன்மா. தூங்கிட்டேன்."

"முன்னறைக்குப் போகவே இல்லையா?"

"இல்ல."

"லாவ் எப்போ கிளம்பினாரு?"

"தெரியல."

மஸ்னா மேற்கொண்டு அழுத்தவில்லை. எதிரே உட்கார்ந்தாள். "உங்க ஊருக்கு அந்தக் காலத்துலயே ப்ளேன் வருமா ஆன்ட்டி?"

சுபாங்கின் முகம் சட்டென்று இளகியது. "மாசத்துக்கு ஒருதரம் வரும். பாதையில எருமைங்க படுத்துக் கெடக்கும். ப்ளேன் தாழ ஒருதரம் பாதை மேல உரசிக்கிட்டுப் போகும். சத்தம் கேட்டதும் பசங்க எல்லாம் குச்சியை எடுத்துக்கிட்டு ஓடுவோம். அது ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள வெரட்டிடணும். ஒரு கன்னுக்குட்டி நின்னாலும் வாத்தியாரு முதுகைப் பேத்துடுவாரு. நான்தான் முன்னாடி ஓடுவேன்." அவள் கையிலிருந்த காப்பி அசைந்து கொஞ்சம் சிந்தியது. "நல்லா ஓடுவேன்மா அப்போ."

ஏழு மணிக்கு லாவ் வந்தார். ஆறடி உயரம், டயர் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். விமான விளையாட்டுக் குழுவில் பாலாங்கோடு பத்து வருஷப் பழக்கம். வாசலிலேயே ஜெராவட் மறித்துக்கொண்டான்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீங்க?"

"டேய், உங்கப்பன் செத்துட்டான்னு இப்பதான்டா கேள்விப்பட்டேன். தள்ளு."

"அவரு செத்துக்கிட்டிருக்கும்போது பக்கத்துல உக்காந்து விளையாடினீங்களே, அப்போ தெரியலையா?"

மஸ்னா இருவருக்கும் நடுவே வந்தாள்.

"உள்ள வாங்க லாவ். எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"அவன் மிரியில ப்ளேனைக் கெளப்பினான். நான் ஸ்கூட்டரை எடுத்துட்டேன்லா. ரெண்டு மணி இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்."

"சாட்சி?"

"எனக்கு யாரு இருக்கா சாட்சி சொல்ல? பூனைதான் இருக்கு."

"விமானம் தானா எறங்காதா?"

"நேராப் பறக்க வைக்கலாம். பொத்தான் இருக்கு. ஆனா பா தெரிங்ல தானா எறங்காது. மலைச்சரிவு, ஏத்தமான பாதை. ஆள்தான் இறக்கணும்."

"யாரு இறக்கினதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"ஆளு தெரியாது. வழி தெரியும்." லாவ் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தார். குழுவில் யார் எங்கே பறந்தாலும் வரைபடத்தில் ஒரு கோடு விழுந்துவிடும். அன்றைய கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். மிரியிலிருந்து மலைவரை நேர்கோடு. ஊர் வந்ததும் கோடு பாதைமேல் தாழ ஓடி, மேலே ஏறி, ஒரு வட்டமடித்து, இரண்டாம் தடவை இறங்கியிருந்தது.

"முதல் தடவை தவற விட்டுட்டாங்க," என்றார் லாவ்.

"கை நடுங்கியிருக்கும்ல?" என்றான் ஜெராவட்.

"நான் இறக்கினா ஒரே தடவைதான்டா! உங்கப்பனும் அப்படித்தான். நேரா வந்து உக்காருவான்." சொல்லிவிட்டு லாவ் நெற்றியைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு. சில நாள் இந்த மாதிரி ஒரு சுத்து சுத்துவான். ஏன்டான்னு கேட்டா, நானா, இல்லையேம்பான். வயசாச்சு, மறந்துட்டான்னு விட்டுட்டேன்."

பிளம் கொட்டை மஸ்னாவின் பல்லில் இடித்தது. "எந்த நாள்ல?"

லாவ் பழைய கோடுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். செவ்வாய். வியாழன். சனி. மற்ற நாட்களில் எல்லாம் நேரான கோடு.

"டயாலிசிஸ் நாளு," என்றான் ஜெராவட், தன்னை அறியாமல்.

"ஆமா. ஆஸ்பத்திரியிலருந்து சக்கையா வர்ற மனுஷன், உடம்புல தெம்பே இல்லாத நாள்ல மட்டும் வேலை மெனக்கெட்டு ஒரு சுத்து கூடச் சுத்துவாரா?" மஸ்னா கொட்டையைத் துப்பினாள். "லாவ், அந்த மெஷின்ல எருமை உண்டா?"

"எருமையா? இல்லையே. மரம், வீடு எல்லாம் வச்சான். எருமை வைக்கத் தெரியலன்னான்."

"அப்போ எருமையே இல்லாத பாதையில எருமை வெரட்ட யாரு தாழப் பறப்பாங்க? நீங்க மாட்டீங்க. பாலாங்கும் மாட்டாரு. ஓட்டுற வித்தையைக் கம்ப்யூட்டர்ல படிச்சவங்க யாருமே மாட்டாங்க. கீழே தரையில நின்னு, ப்ளேன் எப்படி எறங்கும்னு பாத்துப் பாத்து வளந்தவங்கதான் அப்படிச் செய்வாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் ப்ளேன்னா மொத தடவை எறங்கவே கூடாது. பசங்க ஓடிவர நேரம் கொடுக்கணும்."

அறை வாசலில் சுபாங் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாரும் கவனிக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு தம்பி. முன்னறைக்கே போகல, தூங்கிட்டேன்னு சொன்னவங்க, நீ உள்ள வந்ததும் என்ன சொன்னாங்க? எறங்கிட்டாருன்னு. பின்னறையில தூங்கினவங்களுக்கு எறங்கினது எப்படித் தெரிஞ்சுது?" மஸ்னா திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள். "நீங்கதான் இறக்கினீங்க. இல்லையா ஆன்ட்டி?"

"நான்தான்," என்றாள் சுபாங்.

லாவ் சிவப்பு ஸ்டூலைப் பார்த்தார். அவருடைய ஆறடி அதில் மடங்கியே இருக்காது. அதை யாரும் யோசிக்கவில்லை, அவர் உட்பட.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி," சுபாங் சொல்ல ஆரம்பித்தாள். "ஆஸ்பத்திரியிலருந்து வந்து உக்காந்தாரு. பாதியில தூங்கிட்டாரு. ப்ளேன் மலையில மோதிடுச்சு. எழுந்து பாத்துட்டு அன்னிக்குப் பூரா சாப்பிடல. ஊரு வாசல் வரைக்கும் போய் விழுந்துட்டேனேடின்னு அழுதாரு. மறுதரம் தூங்கினப்போ நான் ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். அவரு செய்யுறதைக் கதவோரம் நின்னு தெனம் பாத்ததுதானே. மோதி மோதித்தான் கத்துக்கிட்டேன், அவரு ஆஸ்பத்திரியில இருக்கிற நேரம். அப்புறம் அவரு தூங்கினா நான் இறக்கிடுவேன். ஸ்டூலை எடுத்துட்டு அடுப்படிக்குப் போயிடுவேன். முழிச்சுப் பாத்தா ஊருல நிப்பாரு. பாத்தியா, எப்படி இறக்கினேன்னு என்கிட்டயே பீத்திக்குவாரு. நானும் திட்டிக்கிட்டே இருப்பேன்."

"இன்னிக்கு?"

"தூங்கிட்டாருன்னுதான் நெனச்சேன். ஸ்டூலைப் போட்டு உக்காந்தப்போ கை பட்டுச்சு. தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே என்னைக் கூப்பிட்டிருக்கலாமேம்மா!" ஜெராவட் வெடித்தான். "பெத்த புள்ளை நான் இருக்கேன். லாவ் அங்கிளை என்னென்னமோ பேசிட்டேன். நீங்க வாயைத் திறக்கல!"

"எப்படிடா திறக்கிறது? உங்கப்பன் செத்துக் கெடக்கான், நான் ப்ளேன் ஓட்டிக்கிட்டிருந்தேன்னு எந்த வாயால சொல்ல?" சுபாங் முதல்முறையாக அழுதாள். அழுதுகொண்டே லாவைப் பார்த்தாள். "மன்னிச்சிடுங்க. நீங்க திட்டு வாங்கினதைக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். பாவி நான்."

"விடுங்க அண்ணி," என்றார் லாவ். "அந்தச் சரிவுல இறக்கினீங்களே. எனக்கே ஆறு மாசமாச்சு கத்துக்க."

"கூப்பிட்டிருந்தா என்ன பண்ணியிருப்பே ஜெரா? ஓடிவந்து கத்தியிருப்பே. ஆம்புலன்ஸ் வந்திருக்கும். எவனாவது ஒருத்தன் சுவிட்சை அணைச்சிருப்பான். உங்கப்பா மேகத்துக்குள்ளயே நின்னுபோயிருப்பாரு. பதினோரு வருஷமா போகணும் போகணும்னு கெடந்த மனுஷன்டா. இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்துச்சு. பாதி வழியில எப்படி விட முடியும்?"

மஸ்னா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டாள். எழுதிக்கொள்ள எதுவும் இல்லை. கேட்க ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"மூணேகாலுக்கு எறங்கிட்டீங்க. தம்பி வந்தது அஞ்சு மணிக்கு. அதுவரைக்கும் என்ன பண்ணினீங்க ஆன்ட்டி?"

"எங்க ஊர்ல ப்ளேன் எறங்கினா எல்லாரும் ஓடிவருவாங்கம்மா. யாரு வந்திருக்கா, என்ன அனுப்பியிருக்காங்கன்னு பாக்க. நெல்லு வயல்ல இருக்கிறவன்கூடச் சேத்துக் காலோட ஓடிவருவான்." சுபாங் திரையைப் பார்த்தாள். "எஞ்சினை அணைச்சிட்டு நான் அவரு கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். யாரும் வரல. அவரைத் தனியா விட்டுட்டு எழுந்து வர மனசு வரல. நீ வர்ற நேரம்னுதான் ஜெரா, எழுந்து அரிசி வச்சேன்."

ஜெராவட் வேலையிலிருந்து வந்தபடியே போட்டிருந்த பூட்ஸைக் கழற்றினான். திரைக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"வந்துட்டேன்மா," என்றான்.