வளைவை நிமிர்த்தப் போனோம்

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போய்ச் சேர்ந்தோம். நெடுஞ்சாலைத் துறையில் என் கணவர் சர்வேயர். நான் வரைபடப் பிரிவு. ஒரே வேலைக்கு எங்கள் இருவரையும் சேர்த்து அனுப்பியது அதுதான் முதல் தடவை.

"ஆபீஸ் செலவுல ஊர் சுத்திப் பாக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று வண்டியில் கிண்டல் செய்துகொண்டே வந்தார்.

அந்த வளைவில் வண்டிகள் அடிக்கடி கவிழ்ந்தன. கடைசியாக ஒரு பள்ளி வேன். அதனால் சாலையை நேராக்க முடிவு செய்திருந்தார்கள். பழைய மேம்பாட்டு வரைபடங்களை நான்தான் எடுத்துப் பார்த்தேன். மண்சாலை தார்ச்சாலையானபோதும், பிறகு அதை அகலப்படுத்தியபோதும், வளைவின் குறுக்கே நேராகப் புள்ளிக்கோடு போட்டு 'உத்தேசம்' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வரைபடத்தில் புள்ளிக்கோடு இருக்காது. வளைவு மட்டும் அப்படியே இருக்கும். இடையில் குன்றோ குளமோ இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எதுவும் இல்லை. வெறும் தரை. புல்கூட முளைத்திருக்கவில்லை.

அவர் அளவுக்கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே நடந்தார். நான் சாலையோரத்தில் முக்காலியை ஊன்றி அளவைக் கருவியைப் பொருத்தினேன். காற்று அசையவில்லை. எங்கிருந்தோ தார் காய்ச்சும் வாடை வந்தது. சுற்றிலும் எங்கும் புகையைக் காணோம்.

கருவிக்குள் கண்ணை வைத்தேன்.

கம்பைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். அவர் தோளை ஒட்டி இன்னொரு ஆள் நின்றிருந்தான்.

கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அவர் மட்டும்தான். போன் செய்தேன்.

"பக்கத்துல யாருங்க?"

"இந்த வெயில்ல என் பக்கத்துல யாரு வந்து நிப்பா? கம்பு நேரா இருக்கா, அதப் பாரு."

மறுபடி பார்த்தேன். இப்போது நாலைந்து பேர். தலையில் சாக்கு போர்த்திக் குனிந்து, தரையில் எதையோ பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினான்.

முகம் இருக்கவேண்டிய இடம் கறுப்பாகப் பளபளத்தது.

"போதும். வந்துடுங்க" என்றேன். 

அவர் நடக்க ஆரம்பித்தார். கால்கள் அசைந்தன. ஆனால் அவர் கிட்டே வரவில்லை.

போனில் அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் நடந்துட்டுத்தானே இருக்கேன்... நீ ஏன் தள்ளித் தள்ளிப் போற?"

"நான் நகரவே இல்லைங்க."

காய்ந்த அந்தத் தரையில் அவர் கால்கள் புதைய ஆரம்பித்தன.

ஓடிப்போய் இழுக்க உடம்பு துடித்தது. ஆனால் நேராக ஓடினால் நானும் அதற்குள்தான். இத்தனை காலமாக இந்தச் சாலையைப் போட்டவர்கள் எல்லோரும் சுற்றித்தான் போயிருக்கிறார்கள்.

"நேரா வராதீங்க. ரோடு எப்படி வளையுதோ அப்படியே வளைஞ்சு வாங்க. அவங்களச் சுத்தி வாங்க."

"யாரச் சுத்தி?"

"கேக்காதீங்க. வாங்க."

வந்தார். எட்டிக் கையைப் பிடித்து இழுத்தேன். செருப்பு இல்லை. கணுக்கால் வரை தார், கொதிக்கக் கொதிக்க.

"ரெண்டு பேருக்கும் வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு" என்றார் தலைமைப் பொறியாளர். நான் வாதாடவில்லை. புதிய வரைபடத்தில் வளைவை வளைவாகவே வரைந்தேன். வேகத்தடைகளும் தடுப்புச்சுவரும் கேட்டு எழுதினேன். நேராக்குவதற்குக் கையெழுத்துப் போட மறுத்தேன். எப்படியோ ஒப்புக்கொண்டார்கள்.

கொப்புளங்கள் ஆறி அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, ஒரு சாயங்காலம் கவனித்தேன். படுக்கையறையிலிருந்து சமையலறைக்குக் கூடத்தின் குறுக்கே வராமல் சுவரை ஒட்டியே வந்தார்.

"ஏன் இப்படிச் சுத்தி வர்றீங்க?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தார். "நடுவுல வேலை நடக்குதுல்ல."

அந்த நேரம் பார்த்து, எங்களோடு தங்கியிருக்கும் என் நாத்தனார் வேலையிலிருந்து வந்தாள். நடந்தது எதையும் அவளிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. கைப்பையை வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவுக்கு வந்தவள் சட்டென்று நின்றாள்.

"கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்று யாருமில்லாத இடத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, சுவரை ஒட்டிச் சுற்றிப் போனாள்.