முத்திரை உடையாத பை

"ஜாக்கெட்டெல்லாம் பொம்பளைங்க போடறது கண்ணு."

"சிரிக்காதப்பா. அன்னிக்கு நீ மெதந்து பாத்த லைஃப் ஜாக்கெட்டு இது, நானே பாத்து எடுத்தது. எனக்காகப் போட்டுக்கோ."

"ஒனக்காகன்னா சரி."

கனகசெட்டிக்குளம் கரையில் அப்பா கன்னியப்பனோடு கடைசியாகப் பேசியதை அமுதவல்லி சொல்லி முடித்தாள். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஜெயசித்ரா தன் வீட்டுக் கூடத்தில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் ராமதாஸ்தான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

மீனவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மீன்வளத் துறை அலுவலகத்தில் அமுதவல்லிக்கு வந்திருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரத்திலேயே கன்னியப்பனின் படகு கவிழ்ந்தது. போட்டிருந்த ஜாக்கெட் நீரை உறிஞ்சிக் கனத்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனது. விசாரணையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவள் அரக்கு முத்திரை வைத்துப் பாதுகாத்த மாதிரிப் பையைப் பிரித்தார்கள். பிரிக்கும்வரை முத்திரை அப்படியே இருந்தது. உள்ளே இருந்ததும் அதே மட்டமான சரக்கு.

"வேலை போனா போவுது மேடம். 'ஒன் பேச்சை நம்பித்தானே போனாரு'ன்னு அம்மா கேட்டுச்சு. கருமாதிக்கப்புறம் நான் அந்த வாசப்படியே மிதிக்கல. நான் எடுத்தது தப்பா இல்லையா? அது தெரியணும்."

"இதவிட விலை கம்மியா வேற இருந்துச்சா?"

"இருந்துச்சு. கொஞ்ச நேரத்துலயே முழுகிடுச்சு. நான் எடுத்ததப் போட்டுக்கிட்டு, சோதிச்சுப் பாக்க அப்பாவே கடல்ல அரை நாள் மெதந்தாரு. அத ஈரத்தோடயே துணிப்பையில போட்டு வாயத் தைச்சு, அரக்கு வெச்சுக் கையெழுத்துப் போட்டேன். பைய வெச்ச அலமாரிச் சாவி கிடங்குப் பொறுப்பாளர் கோபிநாத் சார்கிட்ட."

மறுநாள் மேலதிகாரியின் அனுமதியோடு மூவரும் கிடங்குக்குப் போனார்கள். பையையும் விசாரணையில் அதிலிருந்து எடுத்த ஜாக்கெட்டையும் கோபிநாத் மேசைமேல் வைத்தார்.

"எனக்கும் சங்கடமாத்தாம்மா இருக்கு. ஆனா முத்திரை உடையலையே?"

"யாராவது ஜன்னல் வழியா..." என்று ராமதாஸ் ஆரம்பித்தார்.

"பையோட வாயே தொறக்கலையாம், ஜன்னலுக்குப் போயிட்டாரு. கொஞ்சம் சும்மா இருங்களேன்."

கணவரை அடக்கிவிட்டு ஜெயசித்ரா பையின் உள்புறம் வெளியே வரும்படி திருப்பினார். துணியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பிறகு ஜாக்கெட்டின் வாரில் விரலை அழுத்தித் தேய்த்து நாக்கில் வைத்தார்.

"ஐயையோ, எதைப் போயி வாயில வெக்கிற!"

"உப்பு இருக்கான்னு பாத்தேன். இல்ல." அவர் கோபிநாத்தைப் பார்த்தார். "பைத்துணியில உப்புப் பூத்திருக்கு. அப்ப உள்ள இருந்தது கடல்ல நனைஞ்ச ஜாக்கெட். இது கடலையே பாக்காதது. அரக்கத் தொடாம அடித்தையலப் பிரிச்சு மாத்தியிருக்காங்க. மத்த நூலெல்லாம் பழுத்துப் போச்சு, அடியில மட்டும் புதுசு."

"யாரு? எதுக்கு?" என்றார் ராமதாஸ்.

"வந்த சரக்கும் மாதிரியும் ஒண்ணா இருந்தா குத்தம் தேர்ந்தெடுத்தவ மேல. வேறயா இருந்தா, பாக்காம வாங்கி அடுக்கினவர் மேல. நல்லதாத் தேர்ந்தெடுக்கறது பாதி வேலைதான் கோபிநாத். வந்து எறங்கினதும் அதேதானான்னு பிரிச்சுப் பாக்கணும். பாத்தீங்களா?"

கோபிநாத் அங்கிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மார்ச் கடைசி நாள் மேடம். லாரி வந்ததே பொழுது சாஞ்சி. அன்னிக்கே வரவு வெக்கலன்னா பணம் திரும்பிப் போயிடும்னு மேலேருந்து போன்மேல போன். ஒரு கட்டுகூடப் பிரிக்கல. அவரு செத்தாருன்னு கேட்டப்புறம்தான் கட்டப் பிரிச்சேன். மட்டமான சரக்கு. பயந்துபோயி பையில இருந்தத மாத்திட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க."

"அசல் எங்க?"

சாக்குகளுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். "தூக்கிப் போட மனசு வரல" என்று அமுதவல்லியிடம் நீட்டினார்.

உப்பேறி விறைத்திருந்த அதை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அரை நாள் அப்பாவைத் தாங்கியது. அவளால் கோபிநாத்தைத் திட்டக்கூட முடியவில்லை.

சாயங்காலம் அம்மா செல்வாம்பாள் மீன் விற்றுவிட்டு வந்து வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அமுதவல்லி தெருவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நீ பாத்து எடுத்தது நல்லதுதான்."

"நல்லதுதாம்மா. அப்பாகிட்ட வந்ததுதான் அது இல்ல."

செல்வாம்பாள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒன்னப் போயி அப்பிடிக் கேட்டுட்டேனே" என்றாள், மகளைப் பார்க்காமல்.

இத்தனை மாதமும் போனில் அம்மாவின் எண்ணைத் தட்டித் தட்டிக் கேட்காமல் நிறுத்திக்கொண்ட ஒன்றை, அமுதவல்லி அப்போதுதான் வாய்விட்டுக் கேட்டாள்.

"இன்னிக்கு ஒன் பக்கத்துல படுத்துக்கட்டுமாம்மா?"