உட்கார்ந்தபடி வந்த பாப்பா

மழையில் ஓடி வந்தவள், மூடப்போன லிஃப்ட் கதவைத் தடுக்கக் குடையை நீட்டினாள். குடை உள்ளே நின்றவனின் வயிற்றில் போய்க் குத்தியது.

"ஐயோ... ஸாரி!"

"பரவால்லைங்க... ஆஸ்பத்திரிதானே, தையல் போட்டுடுவாங்க."

அந்தக் கண்கள்! உதடு சிரிக்கும் முன்னே அவை சிரித்துவிடுகின்றன. பிரசவ டாக்டரான அவளுக்கே நெஞ்சு படபடத்தது. அவன் அன்றுதான் வேலைக்குச் சேர வந்த குழந்தைகள் டாக்டர்.

படபடப்பெல்லாம் பிரசவ வார்டு வரைதான். அங்கே ஏழாம் மாதத்திலேயே வலி வந்து ஒருத்தி துடித்துக்கொண்டிருந்தாள். பாப்பா தலை திரும்பாமல், வயிற்றுக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றான் அவன். "குறைமாசம்... சின்ன உடம்பு வெளிய வந்துடும், தலை மாட்டிக்கிட்டா?"

"பாப்பா ரொம்பக் கீழ எறங்கிடுச்சு. இப்பப் போய் வயித்தைக் கிழிச்சு மேல இழுக்கறது ரெண்டு பேருக்குமே ஆபத்து."

"நீங்க வீம்பு பிடிக்கறீங்க..."

"நீங்க பாடம் எடுக்கறீங்க!"

"உங்க சண்டைய அப்புறம் வெச்சுக்குங்க!" கட்டிலில் இருந்தவள் சீறினாள். "புள்ள என்னுது. ரெண்டுலயும் என்ன ஆபத்துன்னு எங்கிட்டச் சொல்லுங்க!"

இருவர் முகத்திலும் அசடு வழிந்தது. ஆளுக்குப் பாதியாக, ஒளிக்காமல் சொன்னார்கள். பிள்ளைத்தாய்ச்சி மூச்சு வாங்கியபடி, "கத்தி வேணாம் டாக்டரம்மா" என்றாள்.

இடுப்பு வந்தது, கால் வந்தது, முதுகு வந்தது... அவன் கை தானாக முன்னால் போனது.

"இழுக்காதீங்க! இழுத்தா தலை மாட்டிக்கும். தானா வரணும்."

அவன் கையைக் கட்டிக்கொண்டான். அவள் விரல்கள் நடுங்குவதை அவன் மட்டும் கவனித்தான். பாப்பாவின் பிடரி தெரிந்ததும் அவள் மெல்ல ஏந்தினாள். தலை வந்தது... வீல் என்று ஓர் அழுகை! அவன் வாங்கிக்கொண்டு ஓடினான்.

சாயங்காலம் கண்ணாடிப் பெட்டிக்குள் பாப்பா தூங்கியது. வெளியே இன்னும் மழை.

"நல்லா மூச்சு விடறா. நீங்க சொன்னதுதான் சரி" என்றான்.

வீம்பெல்லாம் எங்கேயோ கரைந்துபோயிருந்தது. "நீங்க பயந்ததுதான் எனக்கும் பயம். கை நடுங்குச்சு..."

"பார்த்தேன். அப்பவே உங்க கையைப் பிடிச்சுக்கணும்னு தோணுச்சு..." காது வரை சிவந்தான். "உங்களைப் பிடிச்சிருக்கு. பதில் மெதுவா வரட்டும்... நான் இழுக்க மாட்டேன்."

அவள் குனிந்து குடையின் கைப்பிடியைத் திருகினாள்.

"இழுக்க வேணாம்... அது லிஃப்ட்லயே வந்துடுச்சு."