நாற்பத்து மூன்று டிகிரியில் ஒரு தாழ்ப்பாள்

"ஐயோ...!"

கல்லூரியின் மொட்டை மாடியில் கிளம்பிய அந்த அலறல், கேட்டில் நின்ற நூற்றைம்பது பேரில் ஒருவர் காதிலும் விழவில்லை.

காரணம், ஆட்டோவின் தலையில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்.

"வெயிலாம் வெயிலு! எங்க பாட்டன் பாக்காத வெயிலா? சூடுன்னு சொல்லி கம்பெனிய மூடுவியா? மூடிட்டு யாரு சோறு போடுவா?"

பரந்தாமனின் குரல். பதிவு செய்தது. காலை பத்து மணியிலிருந்து விடாமல் சுற்றிக் கொண்டிருந்தது.

அசல் பரந்தாமன் மாடியில் செத்துக் கிடந்தார்!

மணி இரண்டரை. கேட்டுக்கு மேலே சிவப்பு எழுத்துப் பலகை 43.2 என்று கண் சிமிட்டியது.

அடுத்த அரை மணியில் இன்ஸ்பெக்டர் யோகலட்சுமி மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றாள். காக்கித் துணியைக் கண்டுபிடித்தவன் மே மாதத்தில் ஆம்பூர் பக்கம் வந்திருக்க மாட்டான் என்பது அவளுடைய பன்னிரண்டு வருட சர்வீஸ் முடிவு.

மாடியின் நடுவே, இரும்புக் காலில் ஒரு வெள்ளை மரப்பெட்டி. உள்ளே, கேட்டிலிருக்கும் பலகைக்கு எண் அனுப்பும் வெப்பமானி. அதற்குப் பத்தடி தள்ளி, கதவுக்குப் பக்கத்தில், பரந்தாமன். நெற்றியில் சின்னக் காயம். கொஞ்சம் ரத்தம்.

செல்போன் அடித்தது. டி.எஸ்.பி.

"யோகலட்சுமி! அந்த லெக்சரர் பொம்பளய ஆறு மணிக்குள்ள அரெஸ்ட் பண்ணிடு. இல்லேன்னா ஜனங்க கேட்ட ஒடச்சிருவாங்க."

"அவங்கதான் பண்ணாங்கன்னு இன்னும்..."

"டி.வி.ல இன்னா சொன்னா? கேட்டல்ல? ஆறு மணி!"

டக்.

ஊரே கேட்டிருந்தது. நாளைக் காலை 'வெயில் விதி'க்கான கருத்துக் கேட்புக் கூட்டம். நாற்பத்தொரு டிகிரி தாண்டினால் தோல் கம்பெனி, ஷூ கம்பெனி எல்லாம் மதியம் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். தாண்டியதா இல்லையா என்று சொல்லப் போவது இந்தப் பெட்டிதான். பெட்டியைக் கவனிப்பவள் புவியியல் விரிவுரையாளர் நந்தினி. விதி எதிர்ப்புக் குழுவின் தலைவர் பரந்தாமன்.

இரண்டு நாள் முன்பு உள்ளூர் கேபிள் டி.வி. விவாதத்தில் அவர், "உன் மீட்டரே பொய்யும்மா" என்று சிரித்தார். நந்தினி வெடித்தாள்.

"ஒரு மணி நேரம் எங்க மாடில வந்து நில்லுங்க! உயிரோட எறங்குனா அப்புறம் பேசலாம்!"

இதோ... இறங்கவில்லை.

நந்தினி படிக்கட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் கொல்லல மேடம்."

"எல்லாரும் மொதல்ல இதத்தான் சொல்றாங்க. வேற எதாவது சொல்லுங்க."

"வாரத்துக்கு ஒரு தடவ பெட்டியத் தொடைக்க வருவேன். இன்னிக்கு வந்தேன். மாடிக் கதவு படிக்கட்டுப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. தெறந்தா... அவரு. கத்திட்டேன்."

"தாழ்ப்பாள் விசயத்த நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். நீங்களே போட்டீங்கன்னு சொல்வாங்க."

"நடந்தத சொன்னேன்."

"டி.வி.லயும் இப்படித்தான் பேசுனீங்க போல. அதான் கீழ நூத்தம்பது பேரு நிக்கறாங்க."

ஏட்டு ராமமூர்த்தி கைக்குட்டையைப் பிழிந்தார். அன்றைக்கு அது மூன்றாவது கைக்குட்டை.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். கத்திரின்னா காயத்தான் செய்யும். இதுல இன்னா விஞ்ஞானம் வேண்டிக் கெடக்கு? எவனோ வெளிநாட்டுக்காரன் சொன்னான்னு நம்ம பொழப்புல மண்ணப் போடறாங்க. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பொண்ணுங்க மூணு மணி நேரம் சும்மா ஒக்காந்தா கூலி யாரு குடுப்பா?"

"அதுக்கும் சேத்துத்தான சார் விதில கேட்டிருக்கோம்! படிச்சீங்களா?" நந்தினி சீறினாள்.

"பேஜாரு புடிச்ச பேச்சு இது..."

"ஏட்டய்யா, டி.வி. விவாதம் முடிஞ்சு போச்சு. பெட்டியத் தெறங்க."

ராமமூர்த்தி திறந்தார். எட்டிப் பார்த்தார். திகைத்தார்!

வெப்பமானியைச் சுற்றி ஈரத்தோல். நீலம் பாய்ந்த துண்டு. அதற்கு மேல் இறுக்கமாக பாலிதீன் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தது.

"வெட் ப்ளூ மேடம்! பாதி பதம் பண்ண தோலு. போலீசுக்கு வர்றதுக்கு முன்னாடி மூணு வருசம் தோல் கம்பெனில இருந்தேன். சும்மா கண்ண மூடிட்டே சொல்வேன்."

"மீட்டரக் குளிர வைக்கறதுக்கு ஈரத்தோலக் கட்டியிருக்காங்க. சரி. பாலிதீன் எதுக்கு?"

"இது இன்னா கேள்வி? வெட் ப்ளூன்னா மேல பாலிதீன் போட்டே ஆகணும். இல்லேன்னா காஞ்சு வெறச்சிரும். மேஸ்திரி ஒதைப்பாரு. தோல்காரன் கை தூக்கத்துலயும் போத்தும்."

நந்தினி எழுந்து வந்தாள். பார்த்தாள். அழுத முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு.

"ஈரம் காஞ்சாதான சார் குளிரும்? மண்பானை எப்படித் தண்ணியக் குளிர வைக்குது? பாலிதீன் போட்டு மூடிட்டா காயாது. காயலேன்னா குளிராது. மீட்டர் உண்மையான சூட்டத்தான் காட்டியிருக்கும்."

யோகலட்சுமி பரந்தாமனைத் திரும்பிப் பார்த்தாள். அரசியலுக்கு வருவதற்கு முன் இருபது வருடம் தோல் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தவர்.

"ஆக, கட்டுனது இவருதான். தோல் கெட்டுடக் கூடாதுன்னு பொறுப்பா போத்தியிருக்காரு. பாவம்... நல்ல வேலைக்காரன்."

"அப்போ இந்தம்மா பாத்துட்டு, ஆத்திரத்துல மண்டைல ஒண்ணு போட்டு..." என்றார் ராமமூர்த்தி.

"மண்டைல யாரும் போடல."

அரசு டாக்டர் சைரா கையுறையைக் கழற்றியபடி நிமிர்ந்தார்.

"காயம் விழுந்ததுல பட்டது. ஒடம்பு இன்னும் அடுப்பு மாதிரி கொதிக்குது. இது ஹீட் ஸ்ட்ரோக். ரிப்போர்ட் பின்னாடி வரும், ஆனா நான் மாத்திச் சொல்ல மாட்டேன். கைய மட்டும் கொஞ்சம் பாருங்க யோகா."

பார்த்தாள்.

நான்கு விரல்களில் நகம் இல்லை. இரும்புக் கதவின் உட்புறம் பழுப்பாகக் கீறல்கள். முழங்கை உயரத்தில் தொடங்கி... கடைசிக் கீறல் தரையை ஒட்டி.

தட்டியிருக்கிறார். கத்தியிருக்கிறார். கீழே அவர் குரலே ஸ்பீக்கரில் அவரை அமுக்கிவிட்டது.

யோகலட்சுமி குனிந்தாள். இந்த ஆளைச் சகிக்க முடியாமல் போன வாரம்தான் டி.வி.யை அணைத்திருந்தாள். இப்போது அவருடைய சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள்.

"போன் எங்க ஏட்டய்யா?"

"பாக்கெட்ல இல்ல மேடம்."

மணி மூன்றே கால். கீழேயிருந்து கூச்சல் வந்தது. "கொலைகாரிய வெளிய அனுப்பு!"

கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள். கேட்டில் இரண்டு பேர் ஏணி போட்டு எதையோ கட்டிக் கொண்டிருந்தார்கள்.

பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ். நடுவில் கைகூப்பிய பரந்தாமன். 'கண்ணீர் அஞ்சலி! தொழிலாளர் உரிமைக்காக உயிர் நீத்த தியாகியே!' கீழே வலது மூலையில் கூலிங் கிளாஸோடு குழுவின் துணைத் தலைவர் சூரியபிரகாஷ். தியாகியை விட அவர் படம் ஒரு அங்குலம் பெரிசு.

"ஏட்டய்யா... ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"டிசைன் பண்ணணும், அடிக்கணும், சட்டம் கட்டணும். ரெண்டு மணி நேரமாச்சும் ஆகும்."

"பொணத்தப் பாத்தே முக்கா மணி நேரம்தான் ஆவுது!"

ராமமூர்த்தியின் வாய் திறந்தது. மூடவில்லை.

"ஃப்ளெக்ஸ் மூலைல கடை நம்பர் இருக்கும். போன் போடுங்க."

கடைக்காரர் தானிஷ் ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார். "சூரியபிரகாஷ் அண்ணன்தான் சார். பன்னெண்டேகாலுக்குக் கூப்ட்டாரு. அர்ஜென்ட்னாரு. பெரியவரு எப்ப போனாருன்னு கேட்டேன். 'நீ அடி, அவர் போய்டுவாரு'ன்னாரு. வாய் தவறிச் சொல்லிட்டாருன்னு நெனச்சேன்."

யோகலட்சுமி படி இறங்கினாள். நேராக கேட்டுக்குப் போய், முதலில் ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னாள். சூரியபிரகாஷ் கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தான். கண் காய்ந்திருந்தது.

"அரெஸ்ட் பண்ணிட்டீங்களா மேடம்?"

"பண்ணப் போறேன். நீங்க மதியம் எங்க இருந்தீங்க?"

"வாலாஜாபேட்டைல. ஒரு கல்யாணம். காலைல போய் இப்பத்தான் வர்றேன். அண்ணன நான் நேத்து பாத்ததுதான் மேடம்..." குரல் உடைந்தது. நன்றாகவே உடைத்தான்.

அவள் தன் செல்போனில் பரந்தாமனின் நம்பரைத் தட்டினாள்.

ட்ரிங்... ட்ரிங்...

சத்தம் பக்கத்தில் நின்ற சூரியபிரகாஷின் பைக் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது!

கூட்டம் மொத்தமும் பைக் பக்கம் திரும்பியது.

பத்து நிமிடம் கழித்து, கல்லூரி ஆபீஸ் ரூம். ஃபேன் அனல் காற்றை வாரி இறைத்தது. எதிர் நாற்காலியில் சூரியபிரகாஷ். சுவரோரம் நந்தினி. மேஜை ஓரத்தில் ஏட்டு, பேனாவோடு.

"எதுக்குக் கொன்ன?"

"நான் கொல்லல!"

"போன புடுங்கி வெச்சுக்கிட்டு மாடிக்கு அனுப்புன. அவரு கால் வெச்சதும் தாழ்ப்பாள் போட்ட. ஃப்ளெக்ஸுக்குச் சொன்ன. வேற இன்னா பண்ணணும், கொலைன்னு பேர் வைக்க?"

"அந்தாளுக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சு மேடம்!" அவன் மேஜையில் அடித்தான். "நேத்து போய் மீட்டர்ல தோலக் கட்டிட்டு வந்தாரு. கேட்ல நின்னு பலகையவே பாத்துட்டிருந்தாரு. நாப்பத்து மூணுலேந்து எறங்கவே இல்ல. 'டேய், ஈரத்தோலுக்கே அடங்கல, இந்தப் பொண்ணு சொல்றது நெசம்டா... நம்ம ஜனங்க செத்துருவாங்கடா'ன்னு அழுவுறாரு! நாளைக்குக் கூட்டத்துல விதிய ஆதரிச்சுப் பேசப் போறேன், அதுக்கு முன்னாடி அந்தத் தோல அவுத்துட்டு வந்துடறேன்னாரு. பத்து வருசமா இவருக்காக நான் தூக்குன கொடி... விடுவனா?"

நந்தினி முகத்தைப் பொத்திக் கொண்டாள்.

பாலிதீன் போட்டதால்தான் இறங்கவில்லை என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. தப்பான காரணத்துக்காகச் சரியான முடிவுக்கு வந்திருந்தார், பாவப்பட்ட மேஸ்திரி.

"எழுதிக்குங்க ஏட்டய்யா. கொலை, ஒத்துக்கிட்டான்."

"எங்க ஒத்துக்கிட்டேன்?" சூரியபிரகாஷ் துள்ளி எழுந்தான். "தாழ்ப்பாள் போட்டேன். அவ்ளோதான்! தாழ்ப்பாளா ஆளக் கொல்லும்? கொன்னது வெயிலு மேடம்! நாப்பத்து மூணு டிகிரி! வருசா வருசம் ஏறிக்கிட்டே போவுது! ஒலகமே கொதிக்குது, நீங்க பேப்பர் படிக்கறதில்லையா? மதியத்துல மாடிப் பக்கம் எவனும் போகக் கூடாதுன்னு கவர்மென்ட் எப்பவோ விதி போட்டிருக்கணும்! போடாம விட்டவன உள்ள போடுங்க!"



ராமமூர்த்தி எழுதுவதை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்தார். அது நான்காவது கைக்குட்டை.

யோகலட்சுமி செல்போனை எடுத்தாள்.

"சார், அரெஸ்ட் பண்ணிட்டேன்... ஆறு மணிக்கு முன்னாடியே... லெக்சரர் இல்ல சார். சூரியபிரகாஷ்... ஆமா சார், ஒங்ககூட போட்டோ எடுத்துக்கிட்ட அதே ஆளுதான்."

போனை வைத்துவிட்டு நந்தினி பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குக் கூட்டத்துக்குத் தைரியமா போங்க. இன்னா ஆதாரம் இருக்குன்னு எவனாவது கேட்டா இவன் வாக்குமூலத்தப் படிங்க. ஒங்களோடத விட நல்லா வெளக்கியிருக்கான்!"