எச்சவலி

நாற்காலியில் சாய்ந்திருந்த சீனியம்மாளின் தாடையில் வலிமாற்றியின் பட்டையை ஒட்டிவிட்டு, அதன் இணை வளையத்தை டாக்டர் செண்பகவல்லி தன் தலையில் மாட்டிக்கொண்டாள். ஊசி போட்டு ஈறை மரத்துப்போக வைக்கும் வழக்கம் கோவில்பட்டியில் ஒழிந்து வெகுகாலம் ஆயிற்று. வலிமாற்றி, நோயாளியின் வலியை எடுத்து மருத்துவரின் அதே பல்லில் இறக்கிவிடும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. எந்த வேரில், எவ்வளவு ஆழத்தில் நரம்பு நோகிறது என்று மருத்துவர் பட்டே தெரிந்துகொள்வார். எக்ஸ்ரே கருவி மூலையில் துணி போர்த்திக் கிடந்தது.

வளையத்தைக் கழற்றிய பிறகும் சற்று நேரம் வலி தங்கும். அதற்கு எச்சவலி என்று பெயர் வைத்து, பல் மருத்துவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். செண்பகவல்லிக்கு ஒரு மாதமாகவே இடது கீழ்க் கடைவாயில் அது விட்டபாடில்லை. கூட்டம் அதிகம், எச்சம் சேர்ந்துவிட்டது என்று அவள் சட்டை செய்யவில்லை.

"இடது பக்கம், மேல் பல்லு டாக்டரம்மா," என்றாள் சீனியம்மாள்.

வலி இறங்கியது. மேலே லேசாக ஏதோ முணுமுணுத்தது. கீழேயோ விண்விண்ணென்று தெறித்தது.

"மேல இல்லம்மா, கீழ. விரிசல் உள்ளுக்குள்ள இருக்கும்."

"கீழ ஒண்ணும் செய்யலையே! மிட்டாய்க் கம்பெனில சுடச்சுட அந்தப் பல்லுல கடிச்சுத்தான பாகு பதம் பாக்கேன்."

"பல்வலி இடம் மாறித் தெரியும்மா. உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

டாக்டர் சொன்னது பொய்யில்லை, பாடத்தில் உள்ளதுதான். சீனியம்மாளும் வாயைத் திறந்தாள்.

துளைத்ததும் வலி இரண்டு மடங்காயிற்று. சரியான இடம்தான் என்று செண்பகவல்லிக்கு உறுதிப்பட்டது. உள்ளிருந்து ரத்தம் நல்ல சிவப்பாக வந்தது. அழுகிய நரம்பு இப்படி இருக்காதே என்று ஒரு கணம் உறுத்தியது. ஆனால் வலி இருக்கும்போது கண்ணை யார் நம்புகிறார்கள்? மெல்லிய கம்பிகளை விட்டு நரம்பைச் சுரண்டி எடுத்தாள். பாதி வலி அடங்கியது. மறுபாதி அடங்கவில்லை.

வளையத்தைக் கழற்றினாள். அப்போதும் தெறித்தது. எச்சவலிதான் என்று வாய் கொப்பளிக்கப் போனாள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் காது வரை சுரீரென்று ஏறியது. எச்சவலி தண்ணீர் பட்டுக் கூசாது, சொந்தப் பல் கெட்டிருந்தால்தான் கூசும். அது அவளுக்குத் தெரியும்.

"முடிஞ்சுதா டாக்டரம்மா?" பட்டையைப் பிய்த்தபடி கேட்டாள் சீனியம்மாள். "மேல இன்னும் குடையுதே."

செண்பகவல்லி வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. வலிச்சது என் பல்லு. உங்களோடது நல்ல பல்லு."

சீனியம்மாளுக்கு விளங்க நேரம் பிடித்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இனிமே அதுல சூடு தெரியாதா?"

"தெரியாது."

சீனியம்மாள் அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் செண்பகவல்லிக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். டாக்டர் எழுந்து போய் எக்ஸ்ரே கருவியின் மேல் கிடந்த துணியை இழுத்தாள், தூசி பறந்தது. வளையத்தை இழுப்பறையில் போட்டு மூடினாள். பிறகு, பல வருஷமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"எங்க வலிக்குதுன்னு நீங்க சொல்லுங்கம்மா."

"அதத்தான மொதல்லயே சொன்னேன்," என்றாள் சீனியம்மாள்.