வரவு மேஜை

அப்பாவின் நினைவுக் கூட்டம் மாலையில். நான் மதியமே அவர் நடத்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டேன். அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துவர வேண்டும். வீட்டில் அவருடையது என்று ஒரு பொருளும் இல்லை. ஊரின் பழமையைச் சேர்ப்பதாகச் சொல்லி எல்லாவற்றையும் இங்கேயே கொண்டுவந்துவிட்டார். அந்தக் கண்ணாடியாவது எனக்கு வேண்டும்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். கூடம் முழுக்க அந்துருண்டை வாசனை. மூக்குக்கண்ணாடி வரவு மேஜையில் கிடந்தது.

"பார்த்தும்மா, மேஜைமேல பையைக் கிய்யை வச்சிடாதீங்க. ஐயா அதையும் பெட்டிக்குள்ள போட்டுருவாரு" என்று சிரித்தவர், சட்டென்று சிரிப்பை விழுங்கிக்கொண்டு நாற்காலிகளை அடுக்கப் போனார்.

அந்த மேஜையில் வைத்தது ஊருக்குச் சொந்தம். அது அப்பாவின் சட்டம். பொருளைத் தூரிகையால் மெல்லத் துடைத்து, நூலில் சீட்டுக் கட்டி, "சேர்ந்தாச்சு" என்பார். பிறகு அது வெளியே போகாது. சிறுமியாக இருந்தபோது என் டிபன் டப்பாவை அதில் மறந்து வைத்துவிட்டேன். எவ்வளவு அழுதும் அவர் தரவில்லை. ஆளுயரக் காட்சிப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. 'பள்ளிச் சிறுமியின் உணவுப் பாத்திரம். தந்தவர்: தெரியவில்லை.'

உடைந்த பானையோட்டை ஆசையாகப் பார்ப்பதுபோல என்னை அவர் ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தேன். அழுகை முட்டியது. அப்படியே மேஜைமேல் தலை சாய்த்தேன்.

பிடரியில் ஏதோ ஊர்ந்தது.

தூரிகை.

நான் அசையவில்லை. பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் தொடரட்டும் என்றிருந்தது.

அது தோளைத் துடைத்தது. முழங்கையைத் துடைத்தது.

நின்றது.

மணிக்கட்டில் நூல் இறுகியது.

"சேர்ந்தாச்சு."

நிமிர்ந்தேன். யாருமில்லை. மணிக்கட்டில் தொங்கிய சீட்டில் மை காயவில்லை. அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. 'மகள். தந்தவர்: நான்.'

மூக்குக்கண்ணாடியை மேஜையிலேயே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். எதிரே வந்த காவலாளியின் பார்வை என் மணிக்கட்டில் நின்றது. பிறகு எனக்குப் பின்னால் போனது.

"பெட்டிச் சாவி ஐயாவோட போயிடுச்சேம்மா" என்று முணுமுணுத்தார்.

திரும்பினேன். காட்சிப் பெட்டி திறந்திருந்தது. டிபன் டப்பாவை அடுத்திருந்த பானைகள் ஓரமாக நகர்ந்திருந்தன. நடுவில் தூசி துடைத்த இடம்.

ஓர் ஆள் மடங்கி உட்காரும் அளவு.